வீதியோரத்தில் ஒரு வரலாற்றுப் பாடம்: சின்னக் கார்களும் நமது வாவிக்கரை வீதியும்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஒரு தேத்தண்ணியோடு இருந்து வாசியுங்கள். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பழைய மொறிஸ் மைனர் ஒன்று வீதியில் போனால் நாம் என்ன செய்கிறோம்? கடையில் இருப்பவர் வெளியே வந்து பார்க்கிறார். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் நின்று கை காட்டுகிறார்கள். நாலைந்து கார்கள் வரிசையாகப் போனால் கேட்கவே தேவையில்லை, எல்லார் கையிலும் போன் உயரும். ஒரு கிழமை போன பிறகு அந்தப் படங்களை எடுத்துப் பாருங்கள். பளபளக்கும் பொனட் இருக்கும், வட்டமான ஹெட்லைட் இருக்கும். எந்த ஊர், என்ன திகதி, ஓட்டியவர் யார், பக்கத்தில் நின்றவர் யார் என்ற எதுவும் இருக்காது. கொழும்பிலோ லண்டனிலோ எடுத்த படம் என்று சொன்னாலும் நம்பலாம்.

பழைய கார்களை வீதியோரம் நின்று பார்ப்பதும் படம் எடுப்பதும் வெறும் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நமது வாவிக்கரையைப் பொறுத்தவரை அது வீதியின் வரலாற்றைப் பதிவு செய்யும் வேலை. ஏன் அப்படிச் சொல்கிறோம் என்பதை விளக்கத்தான் இந்தப் பதிவு.

*ரேஸ் வேறு, ரெலி வேறு*

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். ரேஸில் முதலில் வருபவர் வெல்வார். பழைய கார்களின் ரெலியில் பெரும்பாலும் நேரம் தவறாமைதான் போட்டி. இத்தனை மணிக்கு இந்த இடம், இத்தனை மணிக்கு அடுத்த இடம் என்று முன்கூட்டியே குறித்துக் கொடுப்பார்கள். பிந்தி வந்தாலும் புள்ளி குறையும், முந்தி வந்தாலும் குறையும். ஓட்டுபவருக்குப் பக்கத்தில் கடிகாரமும் வழித்தாளும் வைத்துக்கொண்டு இன்னொருவர் இருப்பார். வெற்றியில் அவருக்கும் சம பங்கு உண்டு. ஆகவே வேகம் பார்க்கப் போகிறவருக்கு இந்த ரெலி ஏமாற்றமாக இருக்கும். கார் பார்க்கப் போகிறவருக்குப் பெருநாள்.

இந்த வழக்கத்தின் தொடக்கம் சுவையானது. இங்கிலாந்தில் 1865 இல் ஒரு சட்டம் இருந்தது. இயந்திரத்தால் ஓடும் வாகனம் வீதியில் போனால், அதற்கு முன்னால் ஒரு மனிதன் சிவப்புக் கொடியோடு நடந்து போக வேண்டும். ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல். நமது மாட்டு வண்டியே முந்திப் போய்விடும்! 1896 இல் புதிய சட்டம் வந்து மணிக்கு 14 மைல் வரை போகலாம் என்றானது. அந்த விடுதலையைக் கொண்டாட 1896 நவம்பர் 14 ஆம் திகதி கார்க்காரர்கள் லண்டனிலிருந்து கடற்கரை நகரமான பிரைட்டனுக்கு ஊர்வலமாகப் போனார்கள். அதை நினைவுகூர்ந்து 1927 இல் பழைய கார்களின் ஓட்டம் ஆரம்பமானது. இன்றும் நவம்பரில் அது நடக்கிறது. 1905 க்கு முன்னர் செய்த கார்களுக்கு மட்டுமே அதில் இடம்.

இத்தாலியில் வேறு கதை. 'மில்லே மிலியா', அதாவது ஆயிரம் மைல், என்ற வீதிப் பந்தயம் 1927 முதல் நடந்தது. 1957 மே மாதம் ஒரு கார் டயர் வெடித்துக் கூட்டத்துக்குள் பாய்ந்ததில் வீதியோரம் நின்று பார்த்த 9 பேர் இறந்தார்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். காரில் இருந்த இருவரும் இறந்தார்கள். அந்த வருடத்தோடு பந்தயம் நிறுத்தப்பட்டது. 20 வருடங்கள் கழித்து, 1977 இல், அதே பெயரில் பழைய கார்களின் ரெலியாக மீண்டும் வந்தது. வீதியும் கார்களும் முன்னர் இருந்தவைதான், வேகப் போட்டி மட்டும் போய்விட்டது.

இரண்டு கதையிலும் வீதிதான் மையம் என்பதைக் கவனியுங்கள். ஒன்றில் வீதி திறந்ததைக் கொண்டாடுகிறார்கள். மற்றதில் உயிர் பறித்த வீதியில் திரும்பவும் நிதானமாகப் போகக் கற்றுக்கொள்கிறார்கள்.

*இஸ்மிரில் பிறந்தவரின் இரண்டு கார்கள்*

நமது நாட்டில் 'சின்னக் கார்' என்றதும் நினைவுக்கு வரும் மொறிஸ் மைனர், மினி இரண்டையும் வரைந்தவர் ஒரே மனிதர்தான் என்பது பலருக்குத் தெரியாது. அவர் பெயர் அலெக் இசிகோனிஸ். 1906 இல் உதுமானியப் பேரரசின் துறைமுக நகரமான ஸ்மிர்னாவில், இன்றைய துருக்கியின் இஸ்மிரில், பிறந்தவர். தந்தை வழியில் கிரேக்கர், ஆனால் பிரிட்டிஷ் குடிமக்கள். 1922 இல் அந்த நகரம் போரில் எரிந்த காலத்தில் குடும்பம் அகதியாக வெளியேறியது. இங்கிலாந்துக்குப் போய்ப் பொறியியல் படித்தார். கணிதத்தில் அவர் பலவீனமானவர், பரீட்சையில் திரும்பத் திரும்பத் தவறியவர். ஆனால் கையால் வரைவதில் மன்னன். கணிதத்தில் குறைந்த புள்ளி எடுத்த பிள்ளையைப் பற்றி முடிவெடுக்க முன் ஆசிரியர்களாகிய நாம் இவரை நினைக்க வேண்டும்.

மொறிஸ் மைனர் 1948 இல் வெளிவந்தது. அந்தக் கம்பனியின் முதலாளி நபீல்ட் பிரபு அதை முதலில் பார்த்துவிட்டு, அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தாராம். தயாரிப்புக்கு முன்னர் இசிகோனிஸுக்கும் கார் ஒடுங்கி இருப்பது போலப் பட்டது. மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக அறுத்து, இடையில் 4 அங்குலம் தள்ளி வைத்துப் பார்த்தார். அந்த அளவே நிலைத்தது. மைனரின் பொனட் நடுவில் ஒரு பட்டையான மேடு ஓடுகிறதே, அது அந்த 4 அங்குலத்தின் அடையாளம். அடுத்த முறை பார்க்கும்போது கை வைத்துப் பாருங்கள், உரிமையாளரிடம் கேட்டுவிட்டு! பத்து இலட்சத்தைத் தாண்டி விற்ற முதல் பிரிட்டிஷ் கார் இதுதான்.

மினி பிறந்த கதையில் மத்திய கிழக்குக்கும் பங்கு உண்டு. 1956 இல் எகிப்தின் நாஸர் சுயெஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். பிரிட்டனும் பிரான்ஸும் இஸ்ரேலும் படையெடுத்தன, கால்வாய் அடைபட்டது. பிரிட்டனில் பெற்றோலுக்குக் கூப்பன் வந்தது. குறைந்த எண்ணெயில் ஓடும், நாலு பேர் இருக்கக்கூடிய சின்னக் கார் வேண்டும் என்று கம்பனி இசிகோனிஸிடம் கேட்டது. அவர் என்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர் பெட்டியை என்ஜினுக்குக் கீழேயே அடக்கினார். சில்லுகளை 10 அங்குலமாக்கினார். 1959 ஆகஸ்டில் 10 அடி நீளத்தில் மினி வந்தது. இன்று நாம் ஓட்டும் சின்ன ஜப்பான் கார்களில் என்ஜின் குறுக்காகத்தான் இருக்கிறது. அந்த வழியைப் பரவலாக்கியது மினி.

நம்மூரில் எந்த மினியைக் கண்டாலும் 'மினி கூப்பர்' என்றே சொல்வோம். உண்மையில் கூப்பர் என்பது ஜோன் கூப்பர் என்ற பந்தயக் கார் வல்லுநர் சேர்ந்து செய்த வேகமான வகை மட்டும். அது 1961 இல் வந்தது. அந்தக் குட்டிக் கார்தான் பனிமலைப் பாதைகளில் நடக்கும் மொன்டே கார்லோ ரெலியை 1964, 1965, 1967 என்று மூன்று தடவை வென்றது. 1966 இலும் முதல் மூன்று இடங்களில் மினிகளே வந்தன. ஹெட்லைட் விதிக்கு மாறானது என்று சொல்லி மூன்றையும் நீக்கிவிட்டார்கள். பெரிய கார்கள் தடுமாறிய வளைவுகளில் சின்னக் கார் ஒட்டிக்கொண்டு போனது. உலகம் முழுவதும் பழைய சின்னக் கார்களுக்கு இவ்வளவு அன்பு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

*ரெலி நமது பக்கம் வந்த ஆண்டு*

தெற்காசிய மக்களும் வீதியோரம் நின்று ரெலி பார்த்திருக்கிறார்கள். 1968 நவம்பர் 24 ஆம் திகதி லண்டனிலிருந்து 98 கார்கள் சிட்னிக்குப் புறப்பட்டன. துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், கைபர் கணவாய், பாகிஸ்தான், டெல்லி என்று பம்பாய் வரை வீதி வழியே வந்து, அங்கிருந்து கப்பலில் அவுஸ்திரேலியா போயின. டெல்லி பம்பாய் வீதியில் கூட்டம் கூட்டமாக மக்கள் நின்று பார்த்தார்கள். முதலிடம் வந்தது ஹில்மன் ஹன்டர் என்ற சாதாரண குடும்பக் கார். இன்று அந்த வழியே அப்படி ஒரு பயணத்தை நினைக்கக்கூட முடியுமா? காபூல் ஊடாகக் கார்கள் வரிசையாகப் போன படங்கள் இன்று வேறொரு அர்த்தம் தருகின்றன. எடுத்தபோது அவை ரெலிப் படங்கள். இப்போது அவை ஒரு காலத்தில் திறந்திருந்த வீதிக்குச் சாட்சி.

நமது நாட்டில் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934 இல் ஆரம்பமானது. ஏப்ரல் வசந்த காலத்தில் அங்கு போகும் குடும்பங்கள் மலைச்சரிவில் இருந்து அதைப் பார்ப்பார்கள். கொழும்பில் பழைய கார் உரிமையாளர்களின் கழகங்கள் ரெலிகள் நடத்துகின்றன. ஆனால் பழைய கார்கள் இலங்கையில் இவ்வளவு மிஞ்சியதற்குக் கழகங்கள் காரணமல்ல. காரணம் நமது வறுமையும் நமது கராஜ்களும்.

*ஏன் அவை நம்மிடம் மிஞ்சின?*

இலங்கைக்கு முதல் மோட்டார் கார் 1902 இல் வந்தது. 1904 இல் கார் வைத்திருந்தவர்கள் சங்கமே அமைத்துவிட்டார்கள். நீண்ட காலம் அது துரைமார், பெரும் பணக்காரர் விஷயம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மொறிஸ் மைனர், ஒஸ்டின், ஹில்மன் போன்ற கார்கள் வந்தபோதுதான் வைத்தியர், சட்டத்தரணி, அதிபர், கடை முதலாளி போன்றோர் கையில் கார் வந்தது. அங்கிருந்து ஹயரிங் காராகச் சந்திக்கு வந்தது.

1960களில் அந்நியச் செலாவணி இல்லாமல் அரசு இறக்குமதியை இறுக்கியது. புதிய கார் வருவது ஏறக்குறைய நின்றது. 1977 இல் திறந்த பொருளாதாரம் வரும் வரை, இருந்த கார்களையே ஓட்ட வேண்டிய நிலை. பிறிதொரு நாட்டில் பத்து வருடத்தில் இரும்புக் கடைக்குப் போயிருக்கும் கார், இங்கே முப்பது நாற்பது வருடம் ஓடியது. உதிரிப்பாகம் இல்லையென்றால் லேத்தில் கடைந்தார்கள். பிரேக் ரப்பர் இல்லையென்றால் வேறொன்றை வெட்டிப் பொருத்தினார்கள். பற்றரி இறங்கினால் முன்னால் ஹான்டிலைப் போட்டுச் சுற்றினார்கள். பொனட்டைத் திறந்தால் மைனரின் என்ஜின் கண்முன்னால் இருக்கும், நாலு ஸ்பானரோடு ஒரு பாஸ் அதை இறக்கி ஏற்றிவிடுவார். இந்தக் கைவேலை எந்த அளவுக்கு முதிர்ந்தது என்றால், 1990களில் இலங்கையில் ஒரு தொழிற்சாலை மொறிஸ் மைனர் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பியது. காரைப் பெற்ற நாட்டுக்கு நாம் அதன் உறுப்புகளைச் செய்து கொடுத்தோம்.

நமது வாவிக்கரையில் இந்தக் கார்களுக்கு இன்னொரு பகை உண்டு, உப்புக் காற்று. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, இடையில் ஒடுங்கிய நிலம். மைனருக்குத் தனியான சேஸி கிடையாது, உடம்பே எலும்பு. தளம் துருப்பிடித்தால் காரே போய்விடும். அதோடு 1978 நவம்பர் 23 சூறாவளி, 2004 டிசம்பர் 26 சுனாமி. இரண்டிலும் நாம் இழந்த உயிர்களுக்கு முன்னால் கார் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் வீடுகளோடு அல்பங்களும் போயின என்பதை நினைவில் வைத்திருங்கள். கீழே அதற்கு வருவோம்.

*நம்பர் தட்டும் ஒரு பாடப் புத்தகம்*

பழைய காரைப் பார்க்கும் பிள்ளைகளிடம் முதலில் நம்பர் தட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். சீ.என், சீ.வை, ஈ.எல், ஈ.என் போன்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது 1950களில் அல்லது அதற்கு முன்னர் பதிந்த கார். 1950களின் பிற்பகுதியில் அந்த எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த கையோடு இதுவும் வந்ததால் வடக்கிலும் கிழக்கிலும் எதிர்ப்பு எழுந்தது. 'ஸ்ரீ' மீது தார் பூசினார்கள். பதிலுக்குத் தெற்கில் தமிழ் எழுத்துகள் மீது தார் பூசினார்கள். 1958 இல் அது கலவரமாக வெடித்த காலத்தில் இந்தத் தார் வாளியும் ஒரு பாகம். பிறகு வெறும் இலக்கங்கள் வந்தன. 2000 முதல் மாகாண எழுத்துகள் வந்தன.

ஒரு கையளவு தகரத்தில் இந்த நாட்டின் மொழிச் சண்டை முழுவதும் இருக்கிறது. பாடநூலில் இரண்டு பக்கம் படிப்பதை விட, ஒரு மைனரின் முன்னால் நின்று இதைச் சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

காரின் வயதை அறிய இன்னும் சில அடையாளங்கள். மைனரின் முன் கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு துண்டாக இருந்தால் அது 1956 க்கு முந்தியது. ஒரே வளைந்த கண்ணாடி என்றால் அதற்குப் பிந்தியது. ஹெட்லைட் மட்காட்டில் உயர்ந்து நிற்காமல் முன் கிறிலுக்குள் தாழ்வாக இருந்தால் மிகப் பழையது, கண்டால் விடாதீர்கள். திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீண்டால், 1961 க்கு முன் செய்தது. இந்த விவரம் தெரிந்தால் எங்கே கமராவைக் குறி வைப்பது என்பதும் தெரியும்.

*நமது வீதியின் கதை*

இனி மையத்துக்கு வருவோம்.

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீளம். அதன் இரு கரைகளுக்கும் முன்னோர் வைத்த பெயர் எழுவான்கரை, படுவான்கரை. சூரியன் எழும் கரை, சூரியன் படும் கரை. இங்கே கார் வைத்திருந்தவருக்கும் பாலம் இருந்தால்தான் வீதி. 1920களில் ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரால் கட்டிய கல்லடி இரும்புப் பாலம் ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனமே போகக்கூடியது. எதிரே வருபவர் கடக்கும் வரை காத்திருக்க வேண்டும். ஓட்டமாவடியில் ரயிலும் வாகனமும் ஒரே பாலத்தில் மாறி மாறிப் போயின. மண்முனையில் பாதையில் ஏற்றித்தான் வாகனத்தை அக்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். வெளியூரவர்களுக்கு 'பாதை' என்றால் வழி. நமக்கு அது வாகனங்களை ஏற்றிக்கொண்டு வாவியில் மிதந்து போகும் படகு.

பிறகு போர் வந்தது. 1990 இல் இந்த வீதி நமக்கு என்ன ஆனது என்பதை நமது மூத்தவர்கள் சொல்லித்தான் பிள்ளைகள் அறிய வேண்டும். ஜூலையில் இதே கல்முனை வீதியில் பயணம் செய்துகொண்டிருந்த நமது மக்கள் குருக்கள்மடத்தில் வழிமறித்துக் கொண்டுபோகப்பட்டார்கள், திரும்பவில்லை. ஹஜ் முடித்து வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களும் ஏறாவூரும். செப்டெம்பரில் வந்தாறுமூலை அகதி முகாமிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ் இளைஞர்களும், சத்துருக்கொண்டானில் கொல்லப்பட்ட தமிழ்க் குடும்பங்களும். இரு சமூகத்தின் கண்ணீரும் ஒரே வீதியில்தான் விழுந்தது. யாரையும் புண்படுத்த இதை எழுதவில்லை. வீதியின் வரலாறு எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுத முடியாது.

அதன் பின் பல வருடங்கள் பயணம் என்றால் சோதனைச் சாவடி, இறங்கு, நட, ஏறு. மாலையானால் வீதி அடங்கிவிடும். பாலத்தருகே நின்று கமராவைத் தூக்கினால் ஏன் எடுக்கிறாய், யாருக்கு எடுக்கிறாய் என்ற கேள்வி வரும். ஆகவே நம்மிடம் அந்த வருடங்களின் வீதிப் படங்கள் மிகக் குறைவு. கல்யாணப் படம் இருக்கும், அடையாள அட்டைக்கு எடுத்த படம் இருக்கும். வீதி இருக்காது.

2007 இல் கிழக்கில் சண்டை ஓய்ந்தது. 2009 இல் திருகோணமலை வழியில் கிண்ணியாப் பாலம் திறந்தது. 2010 இல் ஓட்டமாவடிப் புதிய பாலம், 2013 இல் கல்லடிப் புதிய பாலம், 2014 இல் மண்முனைப் பாலம். ஐந்து வருடத்தில் நமது வரைபடமே மாறியது. இன்று கொழும்பிலிருந்து யாராவது பழைய மினியில் உல்லாசமாக மட்டக்களப்புக்கு வந்து பாசிக்குடா போகிறார் என்றால், அந்தப் பயணம் நமக்குச் சாதாரணமாகத் தெரியலாம். அது சாதாரணமாகத் தெரிவதற்கு எத்தனை வருடம் எடுத்தது!

லண்டன்காரர்கள் சிவப்புக் கொடி போனதைக் கொண்டாட இன்றும் பிரைட்டன் வரை ஓடுகிறார்கள். நமது வீதியில் பழைய கார்கள் வரிசையாகப் போவதற்கு அதை விடப் பெரிய அர்த்தம் உண்டு. ஆகவே படம் எடுக்கும்போது காரோடு வீதியும் பாலமும் மனிதரும் படத்துக்குள் வரவேண்டும்.

*எங்கே நிற்பது, எப்படி எடுப்பது*

முதலில் பாதுகாப்பு. 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர் பக்கம் பாய்ந்ததில் 7 பேர் இறந்தார்கள். ஒரு சிறுமியும் அவர்களில் ஒருவர். நமது வீதியில் போவது ரேஸ் அல்லதான். ஆனால் பழைய காரின் பிரேக் புதிய காரின் பிரேக் அல்ல. வளைவின் வெளிப்பக்கம் நிற்காதீர்கள், கட்டுப்பாடு இழக்கும் கார் அந்தப் பக்கம்தான் வரும். தார் ஓரத்திலிருந்து விலகி, முடிந்தால் ஒரு மதிலுக்கோ மேடான இடத்துக்கோ பின்னால் நில்லுங்கள். சின்னப் பிள்ளையின் கையை விட்டுவிட்டுப் போனைப் பிடிக்காதீர்கள். மோட்டார் சைக்கிளில் பக்கத்தில் ஓடிக்கொண்டு வீடியோ எடுப்பதை அறவே நிறுத்துங்கள்.

அடுத்தது வெளிச்சம். காத்தான்குடியிலிருந்து கல்முனை வரை நமது வீதி ஏறக்குறைய வடக்குத் தெற்காக ஓடுகிறது. ஆகவே காலையில் கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், மாலையில் வாவிக்கு முதுகு காட்டி நில்லுங்கள். வெயில் காரின் முகத்தில் விழும். உச்சி வெயிலில் எடுத்தால் குரோமியம் எல்லாம் வெள்ளைப் புள்ளியாகிவிடும். கல்லடியில் பழைய இரும்புப் பாலமும் புதிய பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. புதிய பாலத்தில் போகும் பழைய கார், பின்னால் பழைய பாலம். இதை விட நமக்கு வேறு பின்னணி தேவையா?

ஓடும் காரை எடுக்க ஒரு கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு செக்கனில் 11 மீட்டர் கடக்கும். கமராவின் வேகத்தை ஆயிரத்தில் ஒரு செக்கன் என்று வைத்தால் அந்த நேரத்தில் கார் 1 சென்ரிமீட்டர்தான் நகரும். படம் தெளிவாக இருக்கும், ஆனால் சில்லு சுற்றாமல் நிறுத்தி வைத்த கார் போலத் தெரியும். அறுபதில் ஒரு செக்கன் என்று வைத்தால் 18 சென்ரிமீட்டர் நகரும். காரோடு சேர்த்து உடம்பைத் திருப்பிக்கொண்டே அழுத்தினால் கார் தெளிவாகவும், பின்னால் உள்ள தென்னைகள் கோடாக ஓடியும் ஓட்டம் தெரியும். பத்து எடுத்தால் ஒன்று சரிவரும். போனிலும் இந்த வேகத்தை மாற்ற முடியும், பிள்ளைகளிடம் கேளுங்கள், நம்மை விட அவர்களுக்குத் தெரியும்.

கார் நின்றதும் உரிமையாளரிடம் ஸலாமோ வணக்கமோ சொல்லிவிட்டு அனுமதி கேளுங்கள். எந்த ஆண்டுக் கார், யாரிடம் இருந்து வந்தது, எந்த பாஸ் பார்க்கிறார் என்று கேளுங்கள். இந்தக் கார்க்காரர்கள் கதைக்க ஆசைப்படுபவர்கள், கேட்காமல் போனால்தான் கவலைப்படுவார்கள். வாசலில் நிற்கும் பெண்களையும் பிள்ளைகளையும் படத்தில் சேர்த்தால், பதிவிட முன் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பிறகு அன்றிரவே படத்தோடு நாலு விஷயம் எழுதுங்கள்: திகதி, இடம், கார், மனிதர். நாளைக்கு என்று வைத்தால் எழுத மாட்டோம்.

*வீட்டில் இருக்கும் படங்கள்*

கடைசியாக ஒரு வேண்டுகோள். சூறாவளிக்கும் போருக்கும் சுனாமிக்கும் தப்பிய அல்பங்கள் சில வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அதில் எங்காவது ஒரு கார் இருக்கும். மாப்பிள்ளை இறங்கும் கார், ஹஜ்ஜுக்குப் போன மூத்தாப்பாவை வழியனுப்ப வந்த கார், ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைப்பேறுக்குக் கொண்டுபோன ஹயரிங் கார். அந்தக் காரின் பக்கத்தில் சாறனோடு நிற்கும் ட்ரைவர் காக்காவின் பெயர் இன்று வீட்டில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அது உம்மம்மாவாக இருக்கலாம். அவர் இருக்கும்போதே கேளுங்கள்.

படத்தை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் வைத்து, போனால் ஒரு பிரதி எடுங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள், பேனை மை உப்பிக் கெடுத்துவிடும். நம்பர் தட்டு தெரிந்தால் அதையும் குறியுங்கள், ஆண்டைக் கணிக்க உதவும். எந்தச் சந்தி, எந்தக் கடை முன்னால் என்று எழுதுங்கள். அந்தக் கடை இன்று இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இல்லாததால்தான் எழுத வேண்டும். தமிழ் அயலவர் வீட்டிலும் கேளுங்கள். நமது கல்யாணத்துக்கு ஓடிய காரை அவர்களில் ஒருவர் ஓட்டியிருக்கலாம், அவர்களது கோயில் திருவிழாவுக்கு ஓடியதை நம்மில் ஒருவர் ஓட்டியிருக்கலாம். நூலகங்களும் பள்ளிக்கூடங்களும் இவற்றைப் பாதுகாக்கும் காலம் வரட்டும், இன்ஷா அல்லாஹ். அதுவரை ஒவ்வொரு வீடும் ஒரு அலுமாரித் தட்டை ஒதுக்கினாலே போதும்.

அடுத்த தடவை பழைய கார்கள் நமது வீதியால் போகும்போது நாமும் நிற்போம், படம் எடுப்போம். எடுத்த படத்தில் நமது ஊர் தெரிகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். தெரியாவிட்டால் இரண்டடி பின்னால் வந்து திரும்ப எடுங்கள்.

வஸ்ஸலாம்.